பவளம் குடித்த டீ

கேமரன் மலைக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு மடக்கு டீகூடக் குடிக்காமல் திரும்பிப் போனது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான். அது எங்கள் வீட்டில் நடந்தது. பெண் நான்தான். அதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று அம்மா இன்றைக்கும் எதிர்பார்க்கிறார். எதிர்பார்க்கட்டும்.

எனக்குத் தேயிலைத் தோட்டத்து நர்சரியில் வேலை. தாய்ச்செடியிலிருந்து ஒரு இலையும் கொஞ்சம் தண்டுமாக வெட்டி, மண் பையில் நட்டுப் புதுச் செடியாக்குவோம். அதே வேலையை வீட்டில் கடல் பவளத்துக்குச் செய்தேன். ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி, அது நிறைய உப்புத் தண்ணீர், நடுவில் பல தலைகளோடு பச்சை விரல்களை ஆட்டிக்கொண்டு ஒரு தாய்ப்பவளம். லேசில் கிடைக்காத ரகம். அதில் ஒரு கிளையை வெட்டிச் சின்னக் கல்லில் பசை போட்டு ஒட்டினால் தனியாக வளரும். (மலைமேல் கடல் வளர்க்கிற பைத்தியம் என்று தோட்டத்து லய வீடுகளில் எனக்குப் பெயர். நான் மறுத்ததில்லை.)

கீழே ஈப்போ நகரத்து வெயிலில் பவளம் வளர்ப்பவர்கள் தண்ணீரைக் குளிர வைக்கப் படாத பாடு படுவார்கள். எங்கள் குளிரில் நான் ஹீட்டர் போட்டுச் சூடாக்க வேண்டும். கரண்ட் போனால் ஹீட்டரும் போகும். தண்ணீர் சில்லிட்டுப் போனால் பவளம் செத்துவிடும்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் மழையில் மண் சரிந்து கரண்ட் போனது. விடிந்தும் வரவில்லை. பவளம் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. நான் பட்டுச்சேலையோடு அடுப்படியில் நின்று தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிளாஸ்டிக் போத்தல்களில் ஊற்றி மூடி, தொட்டியில் மிதக்கவிட்டேன். ஆற ஆறக் கொதிக்க வைத்தேன். கடைசியில் அடுப்புக்கு இருந்த ஒரே கேஸ் தோங்கும் காலியாகிவிட்டது.

நல்லவேளையாக (பவளத்துக்கு நல்லவேளை) அதற்கு முன்பே அம்மா டின்பால் ஊற்றி டீ கலந்து பெரிய பிளாஸ்க்கில் நிரப்பி வைத்திருந்தார். வீட்டில் மிச்சமிருந்த சூடு அது ஒன்றுதான். நான் யோசிக்கவே இல்லை. டீயைப் போத்தல்களில் ஊற்றித் தொட்டியில் போட்டேன். மூடியை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கலாம்.

ஈப்போவிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் பல் கிடுகிடுத்தது.

"டீ கொண்டாம்மா!" என்று அம்மா பெருமையாகக் குரல் கொடுத்தார்.

நான் தட்டில் பச்சைத் தண்ணீர் கொண்டுபோனேன்.

மாப்பிள்ளையின் அம்மா கிளாஸைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "இந்தக் குளிர்லயா? தேயிலைத் தோட்டத்துல டீ இல்லையா?"

நான் பதில் தேடுவதற்குள் மாப்பிள்ளை தொட்டியைக் காட்டினார். "டீ அங்க இருக்குலா."

திரும்பினேன். ஒரு போத்தலின் மூடி கழன்று, டின்பால் டீ பழுப்பாகத் தாய்ப்பவளத்தின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டை மாப்பிள்ளை மடியில் வைத்துவிட்டுப் பாய்ந்தேன். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு மறுமுனையை உறிஞ்சினேன். உப்புப் போட்ட டீ வாய் நிறைய வந்தது. துப்பினேன். அது மாப்பிள்ளையின் அம்மா சேலையில் விழுந்தது.

"வாளியப் பிடிங்க! சும்மா பார்த்துக்கிட்டே இருக்கீங்க!" என்று மாப்பிள்ளையை அதட்டினேன். கிளாஸ்கள் உருள அவர் எழுந்து வந்து வாளியைப் பிடித்தார். கலங்கிய தண்ணீரை இறக்கிவிட்டு, தயாராகக் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை ஊற்றினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் மணப்பெண்ணை எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சேலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தத் தொட்டியெல்லாம் ஆகாது. தூக்கிப் போட்டுடணும்."

"போட்டுடுவா, அதுக்கு நான் பொறுப்பு," என்றார் அம்மா.

"மாட்டேன் ஆண்ட்டி," என்றேன். மூக்கு நுனியில் டீ சொட்டிக்கொண்டிருந்தது. "நான் வந்தா இதுவும் வரும். உங்க வீட்டுல பிளக் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லாமலே கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் படியில் நின்று, "பொழைச்சிடுமா?" என்று கேட்டார். அதற்குள் அவர் அம்மா காரில் ஏறி ஹாரனை அமுக்கிவிட்டார்.

தாய்ப்பவளத்தில் ஒரே ஒரு தலை பிழைத்தது. அது மெல்ல மெல்லக் கிளைவிட்டு, நான் வெட்டி ஒட்டிய துண்டுகள் இன்று எங்கள் மலையூர்களான தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் பல வீட்டுத் தொட்டிகளில் விரலை ஆட்டுகின்றன. அந்தச் சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தமா? துளிகூட இல்லை. கண்ணெதிரே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது டீ உபசாரம் செய்ய எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் இன்றும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்கிறார்கள்: "டீ எங்களுக்கு இருக்கா, இல்ல பவளம் குடிச்சிருச்சா?"

அம்மா தலையில் அடித்துக்கொள்வார். நான், "கரண்ட் இருக்கு, தைரியமா உள்ள வாங்க," என்பேன்.