போல்ட்டுக்குத் தைலக்காப்பு

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அது கட்டிய கோபுரத்தைக் கொண்டு அளப்பவர்கள் அவசரக்காரர்கள். கழற்ற முடியாத ஒரு போல்ட்டின் முன்னால் அது எத்தனை பணிவாக நிற்கிறது என்று பார்த்து அளப்பதே முறை. அந்த வகையில் உலகில் முதலிடம் திருச்சிராப்பள்ளிக்கு. திருச்சிராப்பள்ளியில் முதலிடம் மேலப்புதூர் ஜெபராஜுக்கு.

ஜெபராஜ் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை நகரவிடாமல் காத்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் காப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு பேர் உட்காரலாம், இருவரும் சண்டையில் இல்லாதபோது. அதன் பின்சக்கரம் ஆடியது. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனில் ஒரு ரப்பர் புஷ் தேய்ந்திருந்தது. அதை மாற்ற ஒரே ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். போல்ட் துருவேறி, வரமாட்டேன் என்றது.

ஆகவே கார் ஜாக்கியின் மேல் ஏறி, வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் ஷெட்டுக்குள் வீட்டின் சின்னக் கார் சிறைப்பட்டது. அந்தச் சின்னக் காரில்தான் ஜெபராஜின் மனைவி லூர்துராணி முழங்கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். "தவறாம வாங்கம்மா, உங்க சொந்த மூட்டே போதும். ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும் மீரான் வந்தார். காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இது வராது சார். ரெண்டு பக்கமும் கட்டர் வச்சு அறுத்துட்டு, புது போல்ட் போட்டுடலாம். மத்தியானத்துக்குள்ள வண்டி இறங்கிடும், இன்ஷா அல்லாஹ்."

"அறுத்துடுங்க தம்பி" என்றார் லூர்துராணி, சமையலறையிலிருந்து.

ஜெபராஜ் ஓடிப்போய்க் காருக்கு முன்னால் கையை விரித்து நின்றார். அவர் 'மலைக்கோட்டைப் பழங்கார்ப் பாதுகாப்புக் கழக'த்தின் துணைத்தலைவர். கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் நடுவர்கள் டார்ச் விளக்கோடு காருக்கடியில் தவழ்ந்து, பிறந்தபோது இருந்த போல்ட்டுகளுடனே இருக்கும் காருக்குப் 'பிறவித் தூய்மை' விருது தருவார்கள். ஒரு போல்ட் மாறியிருந்தாலும் அது 'கலப்பு'. மனிதர்களிடம் இப்படிப் பிரித்துப் பேசினால் நாலு பேர் சண்டைக்கு வருகிறார்கள் என்பதால், அந்த ஆசையைக் காரோடு தீர்த்துக்கொள்ளும் பண்பாளர்கள் கழகத்தார்.

அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் அற்புதசாமி தொண்டையைச் செருமினார்.

"அறுக்கறதுன்னு ஒரு வார்த்தை இங்க சொல்லப்பட்டதா கேள்விப்பட்டேன். அதை இந்தச் சபை வன்மையா கண்டிக்குது."

கண்டித்தார்கள். கண்டனத்தோடு நில்லாமல், மீரானுக்குப் பொன்னாடை போர்த்தி 'கௌரவத் தொழில்நுட்ப ஆலோசகர்' ஆக்கினார்கள். என்ன மாயமோ, பொன்னாடை தோளில் விழுந்ததும் அறுப்பது பாவம் என்று மீரானுக்கும் தெரிந்துவிட்டது. "பொறுமையா போவோம் சார்" என்றார்.

பொறுமையாகப் போனார்கள். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு உறுப்பினர்கள் வந்து, ஸ்பேனரை ஆளுக்கு ஒரு இழுப்பு இழுத்து, இழுக்கும் கோலத்தில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டார்கள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த உறுப்பினர் ரஃபீக் அங்கிருந்து துரு இளக்கும் ஸ்பிரே கொண்டுவந்தார். இன்னொருவர் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். போல்ட் அசையவில்லை. எத்தனை எண்ணெய் வார்த்தாலும் அசையாதது என்ற பெருமை அதற்குக் கூடியது.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்து உறுப்பினர் சடகோபன் எழுந்தார்.

"அடியேன் ஒரு விண்ணப்பம். ப்ராசீனமான வஸ்து. இப்படி ஆளாளுக்கு ஸ்பர்சிக்கப்படாது. பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாத்தினா, அத்தனை நாளும் திருமேனிக்குத் திரை, திருமுக சேவை மட்டுந்தான். அதே க்ரமத்துல இதுக்கும் ஒரு மண்டலம் தைலம் சாத்தி, திரை போட்டுடுவோம். தானா இளகும்."

"சாமிக்குச் செய்யறதை சாமிக்குச் செய்ங்க" என்றார் லூர்துராணி. "என் காரை வெளிய விடுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. லூர்துராணி உறுப்பினர் அல்ல.

காரின் கீழ்ப்பாதிக்குப் பச்சைத் துணியில் திரை கட்டினார்கள். வந்தவர்கள் முன்விளக்கு இரண்டையும் மட்டும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். தைலம் சொட்டிக்கொண்டே இருந்தது. போல்ட்டுக்குள் போன தைலத்தைவிட வாசல் மொசைக்கில் தேங்கிய தைலம் அதிகம்.

"ஏங்க, பயிற்சிக்குப் போயி எத்தனை நாளாச்சு! ஷேர் ஆட்டோல ஏற முடியல. கால் விறைச்சுப் போவுது."

"கொஞ்சம் பொறுத்துக்க லூர்து. கால் எங்க போயிடப் போவுது? இந்த மாதிரி போல்ட்டை இப்ப எவன் செய்யறான்?"

காலும் எங்கும் போகவில்லை. அடுத்த நாள் காலை வாசலுக்குப் பால் எடுக்க வந்தபோது, தைலத்தில் வழுக்கிக் காரின் பக்கத்திலேயே மடங்கி விழுந்தது.

லூர்துராணி போட்ட சத்தத்தில் ஜெபராஜ் வாசலுக்கு ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. காருக்கும் சுவருக்கும் நடுவே ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை.

"வண்டியைக் கொஞ்சம் நகத்துங்க சார்" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

ஜெபராஜ் தலைவருக்குப் போன் செய்தார். மண்டலத்தின் நடுவில் நகர்த்தலாமா கூடாதா என்பது கொள்கை முடிவு, கூட்டம் கூட்டாமல் சொல்வதற்கில்லை என்றார் அற்புதசாமி. தலைவர் காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்லிக்கொண்டிருந்தபோது, அக்கம்பக்கத்து ஆண்கள் லூர்துராணியை ஸ்ட்ரெச்சரோடு காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகத் தூக்கித் தெருவில் இறக்கினார்கள். காருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கழக வரலாற்றில் இது பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டிய செய்தி.

"மூட்டு நொறுங்கிடுச்சு சார்" என்றார் டாக்டர். "அறுத்து எடுத்துட்டுப் புதுசு வச்சுடலாம்."

"வச்சுடுங்க டாக்டர்." ஜெபராஜ் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்த சில நாளில் கழகத்தார் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அற்புதசாமி கட்டிலருகே நின்று பேசினார். ஒரு குடும்பமே தியாகம் செய்து ஒரு போல்ட்டைக் காத்தது என்றார். 'பாரம்பரியக் காவலர்' பட்டத்தை அறிவித்து ஜெபராஜுக்குச் சால்வை போர்த்தினார். மீரானும் கைதட்டினார். ஜெபராஜ் கூச்சத்தோடு மனைவியைப் பார்த்தார். அவரும் ஒரு வார்த்தை வாழ்த்தினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

லூர்துராணி தலையணையில் சாய்ந்தபடி கேட்டார்.

"அந்தத் துருப்பிடிச்ச இரும்பை அறுக்க மனசு வரல. கூட்டம் போட்டீங்க, தீர்மானம் போட்டீங்க, தைலம் ஊத்தினீங்க. டாக்டர் அறுக்கணும்னதும் யாரையும் கேக்காம கையெழுத்துப் போட்டீங்களே, உங்களைக் கட்டிக்கிட்டு வந்தவ காலு மட்டும் கடையில கெடைக்கிற சாமானாங்க?"