தேயிலை இல்லாத ஊருக்குத் தேனிலவு

கல்யாணமான புதிதில் மனைவியை அசத்த நினைப்பவர்கள், கூட்டிப் போகிற ஊரைப் பற்றி யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உடம்புக்கு நல்லது. நான் கேட்கவில்லை.

நுவரெலியா மலையில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கங்காணி. கொழுந்து பறிக்கிறவர்கள் பின்னால் நின்று நாள் முழுக்கக் கத்துவது உத்தியோகம். செல்வி அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தேனிலவுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஏங்க, தேயிலையக் கண்ணுல பாக்காத ஊராக் கூட்டிட்டுப் போங்க.”

ஊட்டிக்குக் கூட்டிப் போனேன். (சினிமாப் பாட்டுகளில் அங்கே புல்வெளிதான் இருந்தது. தேயிலையும் இருந்திருக்கும், நான் கதாநாயகியை மட்டும் பார்த்திருக்கிறேன்.)

பஸ் மலையேற ஏற, இரண்டு பக்கமும் தேயிலை. மேலே போனால் ஏரி, படகு, குதிரைப் பந்தயத் திடல், ஓட்டுக்கூரை பங்களா, ஸ்வெட்டர் கடை. மத்தியானமானதும் நுவரெலியாவில் இறங்குகிற அதே பனிமூட்டம். வெள்ளைக்காரன் ஒரே வரைபடத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாடு நாடாகக் கட்டியிருக்கிறான்.

“இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்? ராகலையில பஸ் ஏறியிருந்தா இதையெல்லாம் பாத்துட்டு ராச்சோத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கலாம்” என்றாள் செல்வி. அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கல்யாணம் தேறுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சமாதானம் செய்ய, சுற்றுலா வருபவர்களுக்குக் கொழுந்துக் கூடை மாட்டிப் படம் எடுப்பவரிடம் அழைத்துப் போனேன். (தேயிலையே வேண்டாம் என்றவளைத் தேயிலைக்குள் நிறுத்தினேன். மூளை அவ்வளவுதான்.) செல்வி வேண்டாவெறுப்பாகக் கூடையை மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் கோயம்புத்தூர்ப் பெண்கள் சிலர் சிரித்தபடி முற்றல் இலைகளைக் குச்சியோடு பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் தொண்டை என்னைக் கேட்கவில்லை.

“ஏ புள்ளைங்களா! முத்தல என்னாத்துக்குப் பிய்க்கிறீங்க? கொழுந்தப் பாத்து எடுங்க! வாயக் கொறச்சுக் கையப் போடுங்க!”

ஒரு பெண் பயந்துபோய் நிஜமாகவே குனிந்து கொழுந்து தேடினாள். அவள் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தார்.

அதற்குள் செல்வி குறுக்கே வந்து நின்றாள். கூடையை என் முன்னால் நீட்டி, பவ்வியமாக, “கங்காணி ஐயா, இன்னிக்கு அரைப் பேராச்சும் போடுவீங்களா?” என்றாள். (எங்கள் பக்கம் ஒரு நாள் சம்பளம் பதிவதுதான் பேர் போடுவது; கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளம், அதுதான் அரைப் பேர்.) பிறகு அந்த மனிதரிடம், “கோவிச்சுக்காதீங்கண்ணே, இவருக்குத் தேயிலையக் கண்டா இப்படித்தான் வந்துரும்” என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்துவிட்டார். எனக்கு அடியும் மிச்சம், மனைவியும் மிச்சம்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்தால், செல்வி சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “அரைப் பேர்” என்று மூடிவிடுகிறாள்.

மகள் இன்னும் கறார். “அம்மா, இதுக்கெல்லாம் பேரே போடாதீங்க.”