விழுவதற்கு நேரம் ஒதுக்கிய ஐஸ்கட்டி

விழுவதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்கி வைத்திருந்த மனிதப் பிறவி, எனக்குத் தெரிந்து இந்த ஜொகூர் மாநிலத்திலேயே ஒன்றுதான். எங்கள் லோரோங் சந்தின் கடைசி வீட்டு ஐஸ்கட்டி.

அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஒன்பது வயதில், தோழியின் பிறந்தநாளுக்காகப் பேரங்காடியில் இருந்த பனிச்சறுக்குத் தளத்துக்குப் போனவள், கேக் வெட்டியதுகூடத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்களாம். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இது.

அப்பாவுக்குத் தொலைவில், காஹாங் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அம்மா சனிக்கிழமையும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போகிறவர். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். எனவே சனிக்கிழமைப் பயிற்சிக்கு அவளை ஏற்றிப் போகும் பொறுப்பு என் தலைமேல் வந்தது. கார் ஓட்டுவதில் சிரமமில்லை. பதில் சொல்வதில்தான்.

"அங்கிள், கரண்ட் போனா ஐஸ் உருகிடுமா?"

"உருகாது லா. ஜெனரேட்டர் இருக்கும்."

"ஜெனரேட்டரும் போனா?"

"வீட்டுக்கு வந்துடலாம்."

"அந்த நேரம் நான் மேல குதிச்சிருந்தா?"

சமிக்ஞை விளக்கு பச்சையாவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். சில மாதங்களில் அவளுடைய கவலையெல்லாம் எனக்கும் தொற்றிக்கொண்டது. எங்கள் வட்டாரத்தில் விளக்கு ஒருமுறை மினுக்கினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கால் ஓரிடத்தில் நிற்காது அவளுக்கு. ரொட்டி சானாய் கடை வரிசையில் திடீரென எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவாள். ஒருநாள் அப்படி இறங்கிய இடத்தில் தே தாரிக் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் எங்களைக் கண்டால் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார்கள்.

முதல் போட்டி வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளைச் சேர்த்து உள்ளே விட்டு, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் விழாமல் இருக்கப் பாடுபட, இவள் ஒரு மூலைக்குப் போய் வேண்டுமென்றே தொப்பென்று விழுந்தாள். அவளுடைய பயிற்சியாளரான சீனப் பெண்மணி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு விழ வேண்டியத இப்பவே விழுந்துட்டேன், அங்கிள். இனிமே பயமில்ல" என்றாள்.

அன்று உண்மையிலேயே விழவில்லை. கடைசிக்கு முந்தைய இடம் வாங்கிக்கொண்டு மகாராணி மாதிரி வீடு திரும்பினாள்.

அதற்குப் பிறகு வந்த போட்டிகளிலும் முதலில் மூலையில் ஒரு விழல், பிறகுதான் ஆட்டம். அப்புறம் வந்தது மாநில அணிக்கான தேர்வு. விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவும் வந்திருந்தார். துப்பட்டாவால் முகத்தை மூடியபடி, முருகனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று தளத்தில் நெரிசல். மூலைக்கு ஒதுங்க இடம் கிடைக்காமல், சூடேற்றும் நேரம் முடிந்துவிட்டது. முதல் ஆட்டமே இவளுடையது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டில் இரத்தமே இல்லை.

"அங்கிள், நான் இன்னும் விழல."

"பேரக் கூப்பிட்டுட்டாங்கம்மா, போ" என்றார் அம்மா.

"நான் போகல."

தண்ணீர் கொடுத்தால் தெளிவாளோ என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஈரத் தரை. இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் என்னைக் கைவிட்டன. அரங்கமே திரும்பிப் பார்க்க, நான் சப்பணமிட்டது போல உட்கார்ந்திருந்தேன்.

"அலமாக், அண்ணே, அடி பட்டுச்சா?" என்று அம்மா பதறினார்.

ஐஸ்கட்டி என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியது.

"போதும். நம்ம கார்ல வந்தவங்க யார் விழுந்தாலும் சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் விழுந்த புண்ணியத்தில் அவள் விழவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு முறை விழுந்தாள். முதலில் விழுந்தது ஆக்ஸலில். முன்பக்கம் பார்த்து எழும்பி ஒன்றரைச் சுற்றுச் சுற்றி இறங்கும் தாவல் அது. போட்டியில் ஒருமுறைகூட அவளுக்குக் கைகூடியதில்லை. இரண்டாவது முறை விழுந்ததும் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் என் எலும்பே நொறுங்கியிருக்கும்.

இசை முடியப் போகும் நேரம். எளிய தாவல் ஒன்றுதான் பாக்கி. ஆனால் அவள் உடம்பைத் திருப்பிய விதம் சரியில்லை. மறுபடி ஆக்ஸலுக்குப் போகிறாள்.

"ஜாங்கான், ஜாங்கான்" என்று பயிற்சியாளர் முணுமுணுத்தார். வேண்டாம், வேண்டாம்.

எழும்பினாள். காலணிக் கத்தி பனியில் இறங்கும் சத்தம் சர்ரென்று கேட்டது.

"என்னாச்சு அண்ணே?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் அம்மா.

"நின்னுட்டா."

மாநில அணிக்கு அவளை எடுக்கவில்லை. காரில் சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அங்கிள், இடுப்பு வலிக்குதா?"

"இல்லியே."

"எனக்கு ரொம்ப வலிக்குது" என்றாள். அதற்கு ஏன் மூன்று பேரும் அப்படிச் சிரித்தோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

மறு வருடம் எடுத்தார்கள். இப்போது கோலாலம்பூரில் அத்தை வீட்டில் தங்கிப் பயிற்சி எடுக்கிறாள். அவள் கிளம்பிப் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, விடிந்ததும் குளித்து, சட்டை மாட்டி, கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"காருக்கு எண்ணெ போடத்தான்" என்றேன்.

அந்தப் பேரங்காடிக்குப் போய், முன்பின் தெரியாத பிள்ளைகள் சறுக்குவதைத் தடுப்போரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்பினேன்.