முதுகு காட்டிய மயில்கள்

தெரியாத வேலையைப் பார்த்து “இது என்ன பெரிய விஷயம்” என்று சொல்லும் வியாதி எனக்கு உண்டு. இருபத்தாறு வயதில் அது நன்றாக முற்றியிருந்தது.

ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவில் புது வீடு வாங்கிய அக்கா, கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இரண்டு பெரிய கண்ணாடிகள் வைத்து, அவற்றில் ஒன்றையொன்று பார்க்கும் மயில்களைப் பதிக்க ஆசைப்பட்டாள். ஈப்போ கடையில் விலை கேட்டு வந்த மச்சான் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

“மணல வேகமா அடிச்சா டிசைன் வந்துரும் மச்சான். வீடியோ பாத்துட்டேன். நானே செய்றேன்லா.”

மணல் பட்ட இடம் சொரசொரத்து வெள்ளையாகும். ஸ்டிக்கர் மூடிய இடம் தெளிவாகவே இருக்கும். அவ்வளவுதான். டயர் கடை நண்பனிடம் கம்ப்ரசர் இரவல் வாங்கி, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் தாளால் கூடாரம் கட்டி, முகமூடியோடு இறங்கினேன். அந்தச் சின்ன கம்ப்ரசர் இரண்டு நிமிடம் ஊதும், ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கும் (என்னைப் போலவே). கீழே விழுந்த மணலை அக்காவின் மாவுச் சல்லடையில் சலித்து மறுபடி அடித்தேன். இரண்டு நாளாயிற்று. காதிலிருந்து மணல் கொட்டினாலும் மயில்கள் அழகாக வந்திருந்தன.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் பிற்பகல், ஆ கியோங் என்ற கண்ணாடிக்காரர் நான் எழுதி ஒட்டியிருந்த இடம், வலம் பார்த்து அவற்றைச் சட்டத்தில் மாட்டிவிட்டு, வெளியே ரொட்டி தின்னப் போனார். மயில்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நின்றன.

நான் மணல் அடித்த பக்கத்தில் நின்று இடம், வலம் எழுதியிருக்கிறேன். அவரோ வழுவழுப்பான பக்கத்தைக் கூடத்துக்குத் திருப்பி மாட்டியிருக்கிறார்.

“ஏன்டா, ரெண்டும் சண்டை போட்ட மாதிரி நிக்குது?” என்றாள் அக்கா. அடுத்த நொடியே மாமியார் ஞாபகம் வந்து வாசலைப் பார்த்தாள். “அத்தை இப்ப வந்துருவாங்க. நாங்க தனிக்குடித்தனம் வந்ததே அவங்களுக்குப் புடிக்கல. இதப் பாத்தா என்ன சொல்வாங்க?”

திரை போடலாம் என்றேன். வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம் என்றேன். இதுதான் இப்போது மாடர்ன் என்று சொல்லிவிடலாம் என்றேன். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் நானே வெளியேறத் தயாரானேன்.

ரொட்டியோடு உள்ளே வந்த ஆ கியோங் கண்ணாடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “துக்கார் தெம்பாட் சாஜா லா” என்றார் மலாயில். இடத்தை மாற்றினால் போதுமாம். இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் வைத்தால் முகம் பார்க்கும்.

அவரும் மச்சானும் கழற்றி மாற்றி மாட்டியதும் மயில்கள் முகம் பார்த்தன. பிறகு நான் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் நீர் வந்தது. (மணலால் என்று சொல்லிக்கொண்டேன்.)

பாகான் டத்தோவிலிருந்து வந்து இறங்கிய மச்சானின் அம்மா கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். “நல்லாருக்கு. ரெண்டும் பேசிக்கிற மாதிரி இருக்கு. எந்தக் கடை?” என்றார். அக்கா என்னைக் காட்டினாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது முறுக்கிக்கொண்டால் “இடம் மாத்தி வைங்க” என்பதுதான் வைத்தியம். போன தீபாவளிக்கு நானும் மனைவியும் வழியெல்லாம் பேசாமல் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கினோம். கிளம்பும்போது மச்சான் என் கையிலிருந்த கார் சாவியை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டார். ஈப்போவில் எங்கள் வீடு வரை அவள்தான் ஓட்டினாள். பாதி வழியில் சிரித்தும் விட்டாள்.