ராஜாம்பாள் போட்ட எட்டு

கோமுகி அணைக்குப் போகும் சாலையில், கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால், இளமாறனின் கார் அன்று காலையில் மூன்றாவது தடவையாக அணைந்து நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ராஜாம்பாள் பதறவில்லை. பதறுவதெல்லாம் முதல் மாதத்தோடு முடிந்துவிட்டது. சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கரும்பு ஏற்றிப் போன டிராக்டரை வேடிக்கை பார்த்தாள்.

இளமாறன் கீழே இறங்கினான். பின்பக்கம் மண்டிபோட்டு, பெட்ரோல் டேங்கின் அடியில் மரக்கட்டையால் நாலு தட்டு தட்டினான். வண்டிக்கு உயிர் வந்தது.

"வண்டிக்கி ஒடம்பு செரியில்ல தம்பி. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள் ராஜாம்பாள்.

அவள் திட்டியிருந்தால்கூட இளமாறனுக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. கள்ளக்குறிச்சியில் இளமாறன் டிரைவிங் ஸ்கூல் என்பது ஓர் அறை, ஒரு மேஜை, இருபது வயதான இந்த ஒரு கார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏ.சி. காரோடு புதிய ஸ்கூல் ஒன்று வந்ததிலிருந்து, அவனிடம் மிச்சமிருந்த ஒரே மாணவி ராஜாம்பாள்தான்.

அவள் கச்சிராயபாளையத்தில் இட்லி மாவு அரைத்து விற்பவள். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் கடை கடையாக மாவு போடவேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒரு பழைய வேனை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தாள். லைசன்ஸ் வராததால் வேனில் இப்போது கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய மகளிர் குழுவில் இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். ராஜாம்பாளுக்கு லைசன்ஸ் வந்தால் அத்தனை பேரும் இளமாறனிடம் சேருவார்கள். வராவிட்டால் அவன் போர்டைக் கழற்றவேண்டியதுதான்.

ஏற்கெனவே இரண்டு தடவை டெஸ்டுக்குப் போய்த் தோற்றிருந்தாள். இரண்டு தடவையும் தப்பு அவளுடையது இல்லை. எட்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி பாதியில் செத்துவிட்டது. மேடு ஏறினால் அணையும், ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் அணையும், எதுவுமே செய்யாவிட்டாலும் மனசு வைத்தால் அணையும். அவளுடைய எல்.எல்.ஆர். சனிக்கிழமையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை டெஸ்ட். இன்றைக்குச் செவ்வாய்.

பெட்ரோல் குறைவாக இருப்பதால்தான் இழுக்கவில்லை என்று இளமாறனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பெட்ரோல் பங்குக்குப் போய்க் கழுத்துவரை நிரப்பினான். நிரப்பிவிட்டு வெளியே வருவதற்குள் இரண்டு தடவை அணைந்தது.

மெக்கானிக் பிச்சைமுத்துவுக்குப் போன் போட்டான். பிச்சைமுத்து வெள்ளிமலையில், யாரோ ஒருவருடைய ஜீப்பின் என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, சாமான் வருவதற்காக இரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருந்தார். அங்கே சிக்னல் கிடைக்கவேண்டும் என்றால் அந்த ஜீப்பின் மேல் ஏறி நிற்கவேண்டுமாம். ஏறி நின்றுதான் பேசினார். சாவியைத் திருகினால் பின் சீட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம் கேட்கவேண்டும், கேட்கிறதா என்றார். கொசு மாதிரி கேட்கிறது என்றான் இளமாறன். அப்படியென்றால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் போய்விட்டது, மாற்றவேண்டும் என்றார்.

"பெரிய வேல இல்ல. சீட்டத் தூக்குனா ஒரு மூடி இருக்கும். அதக் கழட்டி நீயே மாத்திடலாம். டேங்குல பெட்ரோலு கம்மியாதான இருக்குது?"

இளமாறன் பெட்ரோல் முள்ளை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு, ஃபுல்லாக இருக்கிறது, இப்போதுதான் போட்டேன் என்றான். ஜீப்பின் மேல் நின்றிருந்தவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது.

புதன்கிழமை காலையில் வீட்டு வாசலில் டேங்க் காலியாயிற்று. இருபத்தெட்டு லிட்டர் பெட்ரோலைப் பிடிக்க வீட்டில் பாத்திரம் ஏது? ராஜாம்பாள் இறுக்கமான மூடி போட்ட எட்டு மாவு வாளிகளைப் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்ரோல் ஊற்றிய வாளியில் இந்த ஜென்மத்தில் இனிமேல் மாவு ஊற்றமுடியாது என்று இளமாறன் தலையைச் சொறிந்தான். வாளி போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

இளமாறனின் மனைவி ஜெயசுதா எட்டு வாளியையும் பார்த்தாள். வாசல் நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தாள். வீட்டிலிருந்த தீப்பெட்டிகளையெல்லாம் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, இந்த வண்டி வாசலை விட்டுப் போகிறவரைக்கும் அடுப்பு எரியாது என்று அறிவித்தாள். மூன்று வேளையும் ஓட்டல் பார்சல் என்றானது. அதை வாங்கவும் இளமாறன் நடந்துதான் போனான்.

பின் சீட்டைத் தூக்கினால் மூடி இருந்தது. மூடியின் திருகாணிகள் துருப்பிடித்து, வண்டியோடு ஒன்றாகவே பிறந்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறில் ஐந்து கழன்றன. ஆறாவது தலை முறிந்தது. உள்ளே இருந்த பம்பை வெளியே இழுத்தபோது, அதோடு சேர்ந்திருந்த மிதவைக் கம்பி வளைந்தது. அப்போதிலிருந்து பெட்ரோல் முள் நிரந்தரமாக 'ஃபுல்' என்று காட்ட ஆரம்பித்தது. சொட்டுப் பெட்ரோல் இல்லாத டேங்கை வைத்துக்கொண்டு அந்த முள்ளைப் பார்க்க இளமாறனுக்கு எரிச்சலாக வந்தது.

புதிய பம்ப் வாங்கிவந்து, மறுபடியும் போன் போட்டான். பிச்சைமுத்து ஜீப்பின் மேல் ஏறினார். இரண்டு ஓஸ் இருக்கும், பெரியதை மட்டும் என்று அவர் ஆரம்பித்தபோது சிக்னல் போய்விட்டது. பெரியதை மட்டும் என்ன செய்யவேண்டும் என்பதை இளமாறன் தானே யோசித்து முடிவு செய்தான். வாளிப் பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றி, சாவியைத் திருகிவிட்டு, பின்னால் வந்து குனிந்து பார்த்தான். என்ஜினுக்குப் போகவேண்டிய பெட்ரோல் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது. டேங்க் மூடியின் ஓரத்தில் பீறிட்டு, அவனைத் தலையிலிருந்து நனைத்தது.

ஜெயசுதா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குளித்துவிட்டு உள்ளே வரச்சொல்லிவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

ஓஸை மாற்றிப் போட்டான். அதற்காகக் கழற்றிய ஒயரைத் திரும்பச் சொருகவேண்டியிருந்தது. சிவப்பு ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே இருபது வருஷத்து அழுக்கு, நிற வேற்றுமையையே ஒழித்திருந்தது. ஏதோ ஒன்றை எதிலோ சொருகினான். இந்தத் தடவை ரீங்காரம் கோயில் நாகஸ்வரம்போல் கணீரென்று கேட்டது. ஆனால் வண்டி கிளம்பவில்லை. பாதி ஜெயித்துவிட்ட பெருமையோடு பிச்சைமுத்துவிடம் சத்தத்தைச் சொன்னான்.

"சுத்துது, சரி. ஒயரத் திருப்பிப் போட்டுட்டு ரிவர்ஸ்ல சுத்திக்கினு இருக்குது. மாத்திச் சொருவு. இதுக்குமேல என்னால ஜீப்பு மேல ஏற முடியாதுப்பா, ஊர்ல எல்லாரும் வந்து வேடிக்க பாக்குறாங்க."

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒயரை மாற்றிச் சொருகி, சாவியைத் திருகினான். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. கிளம்பி, நிற்காமல் ஓடியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான், அணையவில்லை. ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தான், அணையவில்லை. இளமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் நெடி என்று ஜெயசுதாவிடம் சொன்னான். உண்மையில் ஆறு மாதமாக மனசுக்குள் கிடந்த வெட்கம் அது.

கச்சிராயபாளையம் வரை தானே ஓட்டிக்கொண்டு போனான். வழியில் எங்கேயும் மரக்கட்டையை எடுக்கவில்லை. ராஜாம்பாள் வெளியே வந்து, ஓடிக்கொண்டே நிற்கும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று ஆசையோடு கேட்டாள். இளமாறன் கூடாது என்றுவிட்டான். மறுநாள் டெஸ்டை வைத்துக்கொண்டு இன்றைக்கு எதற்கு அலட்டிக்கொள்வது, உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினான். முறிந்த ஆறாவது திருகாணி அவன் மனசை உறுத்திக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் மைதானத்துக்கு மகளிர் குழுவின் பதினோரு பேரும் டவுன் பஸ்ஸில் வந்து வரிசையாக நின்றார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் சுபஸ்ரீ மேடத்துக்கு இந்த வண்டியை நன்றாகவே ஞாபகம் இருந்தது. போன தடவை மைதானத்தின் நடுவிலிருந்து இதைத் தள்ளி வெளியேற்ற மேடமும் ஒரு கை கொடுத்திருந்தார்கள்.

"மறுபடியும் இதே வண்டியா?" என்றார்கள்.

பம்ப் மாற்றியாகிவிட்டது மேடம், இனிமேல் நிற்கவே நிற்காது என்றான் இளமாறன். யாராவது தன்னுடைய பம்பைப் பற்றிக் கேட்கமாட்டார்களா என்று அவன் காலையிலிருந்து காத்திருந்தான்.

டெஸ்டில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் உட்காரக்கூடாது. இளமாறன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். ராஜாம்பாள் பெல்ட் போட்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், முதல் கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.

அப்படி ஓர் எட்டை அந்த மைதானம் பார்த்ததில்லை. கோலம் போடுகிற கை அது, ஓரத்தில் நட்டிருந்த ஒரு கொம்பைக்கூட உரசவில்லை. சுபஸ்ரீ மேடமே தலையாட்டிக்கொண்டு தாளில் குறித்துக்கொண்டார்கள். சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தி, அங்கிருந்து ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னார்கள்.

ராஜாம்பாள் தலையாட்டினாள். வண்டி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, நிதானமாக இன்னொரு எட்டைப் போட்டது. அதுவும் அவ்வளவு சுத்தம். குழுப் பெண்கள் கைதட்டினார்கள். மூன்றாவது எட்டுக்கும் தட்டினார்கள். நான்காவதில் சுபஸ்ரீ மேடம் பேனாவை மூடினார்கள். போதும் என்று கைகாட்டினார்கள். ஐந்தாவது எட்டு ஆரம்பமாயிற்று.

சந்தோஷத்தில் அக்காவுக்கு நிறுத்த மனசு வரவில்லை என்று இளமாறன் மேடத்திடம் சொன்னான். ஆறு மாதம் தட்டித் தட்டி ஓட்டிய வண்டி இப்படி ஓடினால் யாருக்குத்தான் மனசு வரும் என்றான்.

ஆறாவது எட்டின் வளைவில் வண்டி வேப்பமரத்தை ஒட்டி வந்தது. ராஜாம்பாள் பார்வையைப் பாதையிலிருந்து எடுக்காமல், ஜன்னல் பக்கம் கொஞ்சமாகச் சாய்ந்து, அமைதியாகக் கேட்டாள்:

"வண்டி ரொம்ப ஜோரா போவுது தம்பி. இத நிறுத்தணும்னா இன்னா பண்ணணும்? இத்தினி நாளா அதுவாத்தான நின்னுக்கினு இருந்துச்சு."