டாட் கோல்டு மாப்பிள்ளை

மானம் போவதற்கு மற்றவர்களுக்குப் பெரிய பெரிய காரணங்கள் இருக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. என் மானம் போனது ஒரு புள்ளிக்குப் பின்னால் வந்த நாலு ஆங்கில எழுத்துகளால்.

நான் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவன். கோலார் தங்க வயல் என்கிற எங்கள் கேஜிஎஃப்பின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து கோலார் டவுன் வரை, மொட்டை மாடித் தொட்டியோ நிலத்தடித் தொட்டியோ, நானும் என் ஆட்கள் இரண்டு பேரும் இறங்கிவிடுவோம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு, கவலைப்படுவதையே முழுநேரப் படிப்பாக எடுத்துக்கொண்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின், தொட்டி மூடியை ஒழுங்காக மூடினோமா என்று சந்தேகம் வரும். மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். (சில வீட்டு நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதையே விட்டுவிட்டன.)

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது அம்மா தரகரிடம், "பையன் கம்பெனி வச்சிக்கிறான்" என்று சொல்லிவிட்டார்.

"இன்னா கம்பெனி?"

"சொந்தக் கம்பெனி."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. தொட்டி என்று சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் பயம்.

கோலாரில் ஓர் இடம் கூடிவந்தது. பெண் பெயர் ஹேமா. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடையில் வேலை. போட்டோவில் அவள் ஏதோ ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அதிலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். இந்த இடம் தட்டிப்போனால் நமக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு. சிக்கல், அவள் அப்பா. கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மோசடி வழக்குக் கட்டுகளைச் சுமந்தே தோள் சாய்ந்தவர். அவர் தரகரிடம் கேட்டனுப்பினார்: "கம்பெனின்னா வெப்சைட் இருக்கணுமே?"

அலறியடித்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நண்பன் ஸ்டான்லியிடம் ஓடினேன். அவன் வெப்சைட்டும் செய்து தருவான்.

"டாட் காம் கெடைக்காது மச்சி. உன் பேர எவனோ வெளியூர்க்காரன் எடுத்துக்கினான். டாட் இன் போட்டுடலாம்."

"இன்னா?"

"டாட் இன்."

"அதான் கேக்குறேன், டாட் இன்னா?"

"ஆமா, டாட் இன்!"

"டேய், டாட் இன்னான்னு சொல்லுடா!"

டீ ஆறிப்போகும் வரை இப்படியே போனது. 'என்ன' என்பதற்கு 'இன்னா' என்று கேட்கிற ஊரில், போனில் இந்த முகவரியைச் சொல்லி நானும் கஸ்டமரும் என்றைக்குக் கரையேறுவது? எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வேறு கொடு என்றேன்.

ஸ்டான்லி கணினியில் எதையோ துழாவினான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கேஜிஎஃப்காரனுக்கு இதவிட இன்னாடா வேணும்? டாட் கோல்டு! யார் தேடினாலும் நீதான் மொதல்ல நிப்பே. பாக்குறவனுக்கும் ஒரு மரியாத வரும்."

சுரங்கம் மூடிக் கிடக்கிற ஊரில் எனக்கு மட்டும் தங்கம் கிடைத்துவிட்டது என்று மிதந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவின் உத்தரவுப்படி தொட்டி என்ற சொல்லை எங்கும் போடவில்லை. மஞ்சளாக மின்னும் பக்கத்தில் ஸ்டான்லி எழுதியது இவ்வளவுதான்: "நூறு சதவீதம் சுத்தம்! ஆறு மாதத் திட்டம், ஒரு வருடத் திட்டம். நம்பிக்கையோடு இன்றே சேருங்கள்." (உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை.) அந்த முகவரியைத் தரகர் வழியாகப் பெண் வீட்டுக்கும் அனுப்பிவைத்தேன்.

தினமும் காலையில் பல்கூடத் தேய்க்காமல் 'கேஜிஎஃப் டேங்க் க்ளீனிங்' என்று போனில் தேடுவேன். முதலாவதாக எங்கே நிற்பது, கடைசியில்கூட இல்லை. ஒருவரும் கூப்பிடவும் இல்லை. கடைசியில் ஒரு நாள், தெரியாத எண்ணிலிருந்து ஒரு கனத்த குரல்.

"டாட் கோல்டுங்களா? திட்டம்னு போட்டிருக்கே, அது இன்னா?"

"வருசத் திட்டத்துல சேருங்க சார். பணம் மொதல்லயே கட்டிடணும்."

"மொதல்லயேவா? சரி, பழசு எடுப்பீங்களா?"

"பழசுதான் சார் நம்ம தொழிலே! எவ்ளோ பழசானாலும் ஆசிட் ஊத்தித் தேச்சா புதுசு மாதிரி ஆயிடும்."

"ஆசிட்டா! வூட்டுக்கே வருவீங்களோ?"

"நீங்க வூட்ல இல்லாட்டியும் கவலயே இல்ல சார். பசங்க பைப்பப் புடிச்சி மேல ஏறி வேலய முடிச்சிடுவாங்க. பக்கத்து வூட்டுக்குக்கூடத் தெரியாது. முடிச்சப்புறம் மூடுனது சரியா இருக்கான்னு நானே மறுபடி வந்து பாப்பேன்."

"ஆபீஸ் எங்க?"

"ஆபீஸ்லாம் கெடையாது சார். போன் மட்டும்தான்."

போன் வைக்கப்பட்டது. மரியாதையாகப் பேசினோம், ஆர்டர் வரும் என்று காத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அப்பா, போலீஸ் கிராப்போடு அவருடைய மைத்துனர், நானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்த ஹேமா. நான் நாற்காலியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஒரே கேள்வி. உங்க பசங்க வூடு ஏறுறாங்களே, அது எப்டி?"

கேட்டவர் பெண்ணின் அப்பா. போனில் வந்த அதே கனத்த குரல்! சுரங்கத்தில் ஆளை இறக்கும் கூண்டின் கயிறு அறுந்ததைப் போல நாற்காலி நுனியிலிருந்து வழுக்கினேன். அந்த நேரம் பார்த்து, சமையலறையிலிருந்து காபியோடும் பெருமையோடும் அம்மா வந்தார்.

"பசங்க இன்னாங்க ஏறுறது? எங்க கொமரேசன் ஒருத்தனே நாளைக்கு நாலு வூடு ஏறுவான். ஒல்லி ஒடம்பு, எங்க வேணா பூந்துடுவான்!"

மைத்துனர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மாட்டினதே இல்லயாம்மா?"

"ஒரே ஒரு தடவ. நந்திதுர்க்ல ஒரு வூட்ல. இடுப்பு வரைக்கும் மாட்டிக்கினான்."

"இடுப்பு வரைக்குமா?"

"ஃபயர் சர்வீஸ் வந்துதான் புடிச்சி இழுத்தாங்க. கூட்டம்னா கூட்டம்!"

"போலீஸ் வரலியா?"

"டேங்க் ஓட்டையில மாட்டினவனுக்குப் போலீஸ் எதுக்குங்க?"

சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை நாள் கட்டிக் காத்த தொட்டி நடு வீட்டில் உடைந்துவிட்டது.

"டேங்கா?" என்றார் பெண்ணின் அப்பா. "அப்ப ஆசிட்டு?"

"பாசி போறதுக்குங்க."

"பழசு?"

"பழைய டேங்குங்க."

"நூறு சதவீதம் சுத்தம்?"

"தண்ணிங்க."

குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். போட்டோவில் அடக்கி வைத்திருந்த சிரிப்பை ஹேமா அங்கேதான் உடைத்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நான் அப்பவே சொன்னேனில்லப்பா? திருட வர்றவன் எவனாவது மூடுனது சரியா இருக்கான்னு திரும்பி வந்து பாப்பானா?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பக்கம் முழுக்க டேங்க்னு ஒரு வார்த்த இல்லியே. தேடுறவங்களுக்கு எப்டிக் காட்டும்? புள்ளிக்குப் பின்னாடி தங்கம் வச்சாலும் தகரம் வச்சாலும் அது மேல தூக்கி உடாது. ஆனா பாக்குறவங்க நகைச் சீட்டுன்னு பயந்து ஓடிடுவாங்க. எங்கப்பா ஓடலியா?"

"நான் எங்கம்மா ஓடினேன்? வெசாரிக்கத்தான வந்தேன்" என்றார் அவர், காபியை எடுத்துக்கொண்டு. அவர் காபி குடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எங்கள் கல்யாணம் நடந்தது. ஹேமா டாட் இன் வாங்கி, முதல் வரியிலேயே தொட்டி என்று எழுதி, தொட்டிக்குள்ளிருந்து நான் தலை நீட்டும் படத்தையும் போட்டாள். இப்போது தேடினால் வருகிறேன். ஆர்டரும் வருகிறது. டாட் கோல்டையும் நான் விடவில்லை. வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். விட்டால் வேறு எவனாவது அதை எடுத்து நிஜமாகவே நகைத் திட்டம் நடத்தி, போலீஸ் என்னைத் தேடி வந்துவிட்டால்? (இதைச் சொன்னால் ஹேமா தலையில் அடித்துக்கொள்கிறாள்.)

கோலாரில் மாமனார் வீட்டுத் தொட்டி என் பொறுப்பு. நான் ஏணியில் கால் வைத்ததுமே அவர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பார்: "நகைங்கள எடுத்து உள்ள வைங்கப்பா, எங்க மாப்ள மேல ஏறிட்டாரு!"

எதிர் வீட்டு அம்மா கழுத்துச் சங்கிலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார்.

"மாப்ள, அங்க முடிச்சிட்டு அப்டியே எங்க வூடும் ஏறிட்டுப் போங்க!"