கழுத்தளவுத் தண்ணீர்

வானம் என்ன நினைக்கிறது என்பது எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. மேகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஆனால் எங்கள் இருவருக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை நடந்தது ஒரே ஒரு முறைதான். அப்போது நான் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்முக்குள் இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. முந்திய வருடம் கோலாலம்பூரைக் காட்டுத்தீப் புகை விழுங்கியிருந்தது; எதிர்வீட்டுக்காரர் இருமினால்தான் அவர் என்று தெரியும். மறுவருடம் புகை போனது, போகும்போது மழையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. குழாயைத் திறந்தால் பெருமூச்சு மட்டும் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்கு லோரியில் தண்ணீர் வரும். (வரும் என்பது ஒரு நம்பிக்கை.)

எனக்கு வேறொரு வறட்சியும் இருந்தது. மேல்மாடி செல்வியை விரும்பினேன். அவளுக்கும் சம்மதம். அவள் அப்பாதான், பின்புறத்து அம்மன் கோயிலின் தலைவர், என்னையும் கிள்ளானிலிருந்து வந்த ஓர் இஞ்சினியர் வரனையும் தராசில் வைத்திருந்தார். இஞ்சினியர் தட்டில் கார் இருந்தது. என் தட்டில் கவிதை.

அந்த நேரத்தில்தான் தலைவர், கோயிலில் வருண ஜபம் என்று அறிவித்தார். கழுத்தளவு நீரில் நின்று மழைக்காக மந்திரம் சொல்ல வேண்டும். குளத்துக்கு எங்கே போவது? கிள்ளான் ஆற்றிலோ கணுக்காலளவு சேறுதான். ஆக, தண்ணீர் கேட்பதற்கே தண்ணீர் வேண்டியிருந்தது. இதிலுள்ள கோளாறு எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. லோரி வந்த அன்று வீட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, கோயில் கூரை விளிம்பின் கீழிருந்த டிரம்மை நிரப்பினோம்.

குருக்கள் டிரம்மைப் பார்த்தார். தம் வயிற்றைப் பார்த்தார். “நான் வெளிய நின்னு சொல்றேன். ஒல்லியா யாராச்சும் உள்ள எறங்கித் திருப்பிச் சொன்னாப் போதும்” என்றார். கூட்டத்தில் செல்வி நின்றாள். நான் இறங்கிவிட்டேன். டிரம் என் மார்பு வரைதான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் கழுத்தளவு சரியாக வந்தது.

மந்திரம் நீண்டது. வானம் கழுவிக் கவிழ்த்த அலுமினியச் சட்டிபோல வெறித்தது. கூட்டம் கலையத் தொடங்கியபோது கீழ்மாடி பார்வதி ஆன்டி வாளியோடு வந்தார்.

“தம்பி, ஆடாம இருங்க. நான் குடுத்த வாளிய எடுத்துக்கிறேன்.”

“ஆன்டி, நான் உள்ள இருக்கேன்.”

“குடிக்க இல்ல லா. டாய்லெட்டுக்குத்தான்.”

இதைக் கேட்டதும் மற்ற பெண்களுக்கும் தாங்கள் கொடுத்தது நினைவுக்கு வந்துவிட்டது. வாளியோடு வரிசைகட்டி நின்றார்கள். தடுக்கப் போன தலைவர், வரிசையில் தம் மனைவி நிற்பதைக் கண்டு கோயில் மணியைத் துடைக்கப் போய்விட்டார். தண்ணீர் மார்புக்கு இறங்கியது. “கழுத்துக்குக் கீழ போனாப் பலிக்காது தம்பி” என்றார் குருக்கள். நான் மடங்கினேன். அவர்கள் மொண்டார்கள். இன்னும் மடங்கினேன். கடைசியில் செல்வி வந்தாள். “அம்மா எடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். தலையை ஒதுக்கி வழிவிட்டேன். என் காதலி என் கண்ணெதிரே என்னை மொண்டுகொண்டு போனாள். இப்போது என் காதும் முழங்காலும் அண்டைவீட்டுக்காரர்கள்.

அப்போது வானம் இடித்தது.

மழையென்றால் அப்படி ஒரு மழை. எல்லாரும் சட்டி, பேசின் எடுக்க ஓடினார்கள். குருக்கள் கருவறைக்குள் ஓடினார். கூரைத் தண்ணீர் முழுவதும் என் தலையில் கொட்டியது. எழப் பார்த்தேன், முழங்கால் டிரம்மோடு இறுகியிருந்தது. தண்ணீர் தாடைக்கு வந்தது. போதும் என்று வருணனுக்குச் சொல்ல மந்திரம் தெரியவில்லை. தமிழில் அலறினேன்.

தலைவரும் செல்வியும் ஓடி வந்து டிரம்மைச் சாய்த்தார்கள். குழலிலிருந்து புட்டு வருவதுபோல, அதே வடிவத்தில் வெளியே வந்தேன்.

“மழ வரணும்னு காலையில பிளேன்ல போயி மேகத்துல உப்புத் தூவுனாங்களாம், ரேடியோல சொன்னான்” என்றார் பார்வதி ஆன்டி, பேசினை மழையில் நீட்டியபடியே. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிள்ளான் இஞ்சினியரின் கார் என் கண்முன் வந்து நின்றது.

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மழ ஒன்னால வந்துச்சா, பிளேனால வந்துச்சா, எனக்குத் தெரியல. ஆனா பொம்பளைங்க மொள்ள மொள்ள ஒரு வார்த்த பேசாம மடங்கிக்கிட்டே போனே பாரு. அது போதும். நீ குடும்பத்துக்கு ஆவே.”

இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, அது பாராட்டா என்று. செல்விக்கு அன்றே விளங்கிவிட்டது.

பருவமெல்லாம் இப்போது இடம் மாறிவிட்டது. வெயிலென்றால் தார் இளகுகிறது. மழையென்றால் கார் மிதக்கிறது. குழாய் வற்றினால் பிள்ளைகள், “அப்பா, உக்காருங்க” என்கிறார்கள். வெள்ளம் வாசலுக்கு வந்தால், “அப்பா, போதும், எந்திரிங்க” என்கிறார்கள். சில நாள்களில் காலையில் ஒன்று, மாலையில் மற்றது.

நான் எதற்கும் இருக்கட்டும் என்று பாதி மடங்கியே நிற்கிறேன்.